கண்ணாடிக்குள் விரிந்த கை

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கிருஷ்ணனுடைய வெண்ணெய் உருண்டை என்று வழிகாட்டிகள் சொல்லும் பெருங்கல் நிற்கிற பாறைச் சரிவுக்குப் போய், கல்லுக்கு இருபது முப்பது அடி இப்பால் நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் வானத்தை நோக்கி ஏந்தி, மலையைச் சுமப்பவனுடைய வேதனையை முகத்தில் வரவழைத்துக்கொண்டு, எதிரே செல்போனும் கையுமாக மண்டியிட்டிருக்கும் தம்பியிடமோ மனைவியிடமோ, "கை படுதா? சரியாப் படுதா?" என்று கேட்பதுதான் அது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... கையை இறக்குங்க... அவ்வளவுதான், ஆடாதீங்க" என்று பதில் வரும். அடுத்த நிமிஷத்தில் நாலு தலைகள் அந்தச் சின்னத் திரையின்மேல் கவிழ்ந்து, ஏறக்குறைய 250 டன் எடையுள்ள பாறையைத் தங்கள் வீட்டுப் பிள்ளை தூக்கி நிற்கிற அதிசயத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எனக்கு வெகுநாளாக யோசனை. ஏமாற்றியவர்களும் அவர்களே, ஏமாந்தவர்களும் அவர்களே. தம்பி எங்கே நின்றான், கல் எங்கே நிற்கிறது என்பது நால்வருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கண்ணுக்குக் கல் கையின்மேல்தான் இருக்கிறது. தெரிகிறது என்ற ஒரே சொல்லை நாம் அறிவுக்கும் வைத்திருக்கிறோம், பார்வைக்கும் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு தெரிதல்களும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் ஒரே மண்டைக்குள் குடித்தனம் நடத்துகின்றன என்பதற்கு இதைவிடச் சுலபமான சாட்சி வேண்டியதில்லை.

கல்லும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது. 1908-ஆம் வருஷத்தில், அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த ஆர்தர் லாலி, அது உருண்டுவந்து கீழே எதையாவது நசுக்கிவிடும் என்று கவலைப்பட்டு, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அது இம்மியளவும் அசையவில்லை என்ற கதையைச் சொல்லாத வழிகாட்டி இந்த ஊரில் இல்லை. கவர்னருடைய பயம் நியாயமான பயந்தான். சரிவில் ஒரு பந்தைக் கண்டால் யாருக்கும் காலைப் பின்னால் வைக்கத்தான் தோன்றும். ஆனால், பாறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், அங்கே மேற்புறம் தேய்ந்துபோய், அது பாதி உருண்டையாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அதாவது, முன்னால் நின்றவரையில் நாம் காணாத பக்கத்தை நம்முடைய மூளை நம்மைக் கேளாமலே வட்டமாக வரைந்து முடித்து, ‘உருண்டை’ என்று தீர்ப்பும் எழுதி, அந்தத் தீர்ப்பின்பேரில் பயந்தும் முடித்திருக்கிறது. விசித்திரம் அதோடு நிற்கவில்லை. பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் வந்து நின்றால், அது மறுபடி உருண்டையே.

நம்முடைய வேதாந்திகள் மயக்கத்துக்குக் காட்டுகிற பழைய திருஷ்டாந்தம், இருட்டிலே கயிற்றைப் பாம்பென்று கண்டு அலறியவனுடைய கதை. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும், கயிறு மிஞ்சும். அழகான கதைதான்; ஆனால் மூளையின் மயக்கங்களில் பெரும்பாலானவை அவ்வளவு மரியாதை தெரிந்தவை அல்ல. எத்தனை விளக்கைக் கொண்டுவந்தாலும் அவை எழுந்து போவதில்லை.

ஜெர்மன் தேசத்து விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். மலையிலே புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது அநுமானம் என்று நம் தர்க்க சாஸ்திரம் சொல்லுகிறதல்லவா, அதைப் போலப் பார்வையே ஓர் அநுமானம், நாம் அறியாமலே நமக்குள் நடக்கிற அநுமானம் என்றார் அவர். கண் அனுப்புகிற செய்தி அரைகுறையானது. பார்வை நரம்பு விழியைவிட்டு வெளியேறுகிற இடத்திலே கண்ணுக்கு முற்றிலும் குருடான ஒரு பொட்டுகூட இருக்கிறது. அந்த அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு, வெளியே என்ன இருக்கக்கூடும் என்று மூளை ஊகிக்கிறது. ஊகித்ததைப் பிரத்யட்சம் என்று நம்மிடம் நீட்டுகிறது. ஊகம் எந்த விதிப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த விதியைக் கொண்டே அதை ஏமாற்றிவிடலாம்.

அந்த விதிகளில் ஒன்றைத் தெளிவாகக் காட்டியவர் நம் ஊர்க்காரர். 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் படித்து, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் அமர்ந்த வி. எஸ். ராமச்சந்திரன், அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயருடைய பேரர். 1988-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: நிழலைப் பார்த்து மேடு எது, பள்ளம் எது என்று நிர்ணயிக்கும்போது, வெளிச்சம் ஒன்றே, அது மேலேயிருந்தே வருகிறது என்று மூளை சாதித்துக்கொள்ளுகிறது. கோடானுகோடி வருஷங்களாகச் சூரியன் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறது. அந்த வழக்கம் நம் கண்ணுக்குள் சட்டமாகிவிட்டது.

இதை ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்கவேண்டும் என்பதில்லை. ஐந்து ரதங்களுக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் சிற்பக்கூடங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றின் வாசலில், கட்டிங் மெஷினுடைய ஓலத்துக்கும் வெள்ளைப் புழுதிக்கும் நடுவிலே, தலைப்பாகைக்குக் கீழே புருவமும் நரைத்ததா புழுதியா என்று தெரியாதபடி உட்கார்ந்து உளி பிடித்திருந்த ஒரு முதியவரிடம் இந்தச் சங்கதியை நான் சொன்னேன். அவர் சிரித்தார். "இதுக்கா கலிபோர்னியா போனாரு?" என்றார். பிறகு என் செல்போனின் டார்ச்சை எரியவிடச் சொல்லி, அவர் பாதி முடித்திருந்த ஒரு பலகைக் கல்லின்மேல், அம்மனின் முகத்துக்கு மேலே பிடிக்கச் சொன்னார். சாந்தமான முகம். "இப்போ கையைக் கீழே கொண்டாங்க." விளக்கு மோவாய்க்குக் கீழே போனதும் கன்னம் வீங்கிற்று, மூக்கின் நிழல் நெற்றியில் ஏறிற்று, அம்மன் காளியாகிவிட்டாள். "உளி ஒரே உளிதான் சார். வெளிச்சந்தான் பாதிச் சிற்பி. கோபுரத்து மேலே போற பொம்மைக்குத் தலையைக் கொஞ்சம் பெரிசா வைப்போம். கீழேயிருந்து பாக்கிறவனுக்கு அப்போதான் சரியாத் தெரியும். அளவு தப்பா இருந்தாத்தான் கண்ணுக்குச் சரியா இருக்கும்."

வீட்டுக்கு வந்து, அன்று எடுத்த படங்களில் ஒன்றை, அந்தக் கல்லின் அடியில் ஓடிய மணி வரிசையின் படத்தை, செல்போனில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். முத்து முத்தாகப் புடைத்திருந்த மணிகள் அத்தனையும் சட்டென்று குழிகளாகி, சோழி ஆடுகிற பலகையைப் போலத் தெரிந்தன. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் பண்டிதர்கள் இன்னும் தீராமல் வழக்காடிக்கொண்டிருக்கிற, 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட அந்தப் பெருஞ்சுவர் கிழக்கே பார்த்து நிற்கிறது. காலை ஏழு மணி வெயில் நேரே முகத்தில் அடிக்கும்போது யானைகளும் முனிவர்களும் பாறையோடு பாறையாய்ச் சப்பையாகத் தெரிகிறார்கள்; பதினொரு மணிக்குச் சூரியன் மேலே ஏறி, கல்லைத் தடவிக்கொண்டு வெளிச்சம் இறங்குகிற வேளையில், யானையின் மத்தகம் திரண்டு, பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மானுக்கு உயிர் வந்துவிடுகிறது. பல்லவர் காலத்து ஆசாரிக்கு ‘நேச்சர்’ பத்திரிகை வந்ததில்லை. ஆனால் எங்கே, எவ்வளவு வெட்டினால் பார்க்கிறவனுடைய மூளை மிச்சத்தை வெட்டிக்கொள்ளும் என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இதுவரை சொன்னது கண்ணின் வேடிக்கை. ராமச்சந்திரனுடைய பெயரை உலகறியச் செய்தது வேடிக்கை அல்ல, வேதனை. அதற்கு நான் செங்கற்பட்டில் எங்கள் தெருவுக்கே வரவேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையன். பையன் என்பது என் வயதுக்கு. அவனுக்கே இரண்டு வயசில் ஒரு பெண் இருக்கிறது. மறைமலை நகர்ப் பக்கத்தில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவன். ஒரு ராத்திரி ஷிப்டில் இடது கை மணிக்கட்டோடு போயிற்று. புண் ஆறிவிட்டது, நஷ்டஈட்டுக்கு அலைந்து அந்த அலைச்சலும் ஒருவாறு ஆறிவிட்டது. ஆறாமல் நின்றது இல்லாத கையின் வலி. "முஷ்டி மடக்கிக்கிட்டே இருக்குது ஐயா. நகம் உள்ளங்கையிலே குத்துது. விரிக்கணும்னு பாக்குறேன், விரிய மாட்டேங்குது" என்பான். ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பான். மாமனார் வீட்டில் இது வேலைக்குப் போகாமலிருக்கப் போடுகிற வேஷம் என்று பேசிக்கொண்டார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் அவசரத்திலிருந்த ஒரு வைத்தியர், "எல்லாம் மனப்பிரமை, கொஞ்சநாளில் போய்விடும்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவன் என்னிடம் வந்து சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை: "கை இல்லைன்னு எனக்குத் தெரியுது ஐயா. கைக்குத் தெரியலியே."

இந்த வலிக்கு ‘மாய உறுப்பு’ என்ற பொருளில் பெயர் வைத்தவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல். 1797-இல் வலக்கையை இழந்த கடற்படைத் தளபதி நெல்சனும் இல்லாத விரல்களின் உறுத்தலை உணர்ந்தவர். ஆத்மா உண்டு என்பதற்கு அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார் என்பார்கள். மூளையின் மேற்பரப்பிலே உடம்பு முழுவதற்கும் ஒரு படம் இருக்கிறது என்று 1937-இல் மாண்ட்ரீல் நகரத்து ரண சிகிச்சை நிபுணர் பென்ஃபீல்டு காட்டினார். அந்தப் படத்தில் கையின் இடத்துக்கு அண்டை வீடு முகத்தின் இடம். 1990-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன், கை இழந்த ஒருவருடைய கண்ணைக் கட்டிவிட்டுக் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, அவர், "என் கன்னத்தைத் தொடுகிறீர்கள், என் கட்டை விரலையும் தொடுகிறீர்கள்" என்கிற மாதிரி பதில் சொன்னார். அந்தக் கட்டை விரல் உலகத்தில் எங்கும் இல்லை.

பிறகு வந்தது கண்ணாடிப் பெட்டி. நரம்பு அறுந்து வெகுநாள் அசையாமல் கிடந்த கையை வெட்டியெடுத்த பிறகும் மூளை, ‘அசை’ என்று கட்டளையிடுவதும், ‘அசையவில்லை’ என்று செய்தி வருவதுமாக, அசைய முடியாமையையே கற்றுக்கொண்டுவிட்டது என்பது ராமச்சந்திரனுடைய ஊகம். கற்றதை மறக்கச் செய்ய வேண்டுமானால், ‘அசைந்தது’ என்று யாராவது பொய் சொல்லவேண்டும். அந்தப் பொய்யைச் சொல்ல அவர் கண்டுபிடித்த யந்திரம், மூடியில்லாத ஓர் அட்டைப் பெட்டியும் அதன் நடுவே செங்குத்தாக நிறுத்திய ஒரு முகக்கண்ணாடியும். இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலை சொல்லுகிற நரம்பு விஞ்ஞான யந்திரங்களுக்கு மத்தியில், ஒரு மளிகைக் கடைக்காரர் செய்து தரக்கூடிய இந்தச் சாமானைப் போல எனக்கு மதிப்பு உண்டாக்கியது வேறில்லை.

எங்கள் தெருப் பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது பிசியோதெரபி அறையிலிருந்த ஓர் இளம் பெண். செங்கற்பட்டுக் கடைத்தெருவில் கண்ணாடி வாங்கி, ஓரத்தை டேப் ஒட்டி மழுக்கி, மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியில் பொருத்திக்கொண்டான். முதல் நாள் நானும் உடனிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால், பார்வைக்கு மறைவாக, மொண்ணைக் கை. முன்னால் வலது கை. தலையைச் சற்றுச் சாய்த்துக் கண்ணாடிக்குள் பார்த்தால், வலக்கையின் பிம்பம் இடக்கை இருக்கவேண்டிய இடத்திலே சாட்சாத் இடக்கையாகவே உட்கார்ந்திருக்கிறது. "ரெண்டு கையையும் ஒண்ணா விரிக்கிறதா நினைச்சுக்கிட்டு விரிங்க" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். முஷ்டியை மெல்ல விரித்தான். கண்ணாடிக்குள்ளே ஐந்து விரல்கள் விரிந்தன. அவன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. "விடுது ஐயா... விடுது..." என்றான். கண்ணை மூடச் சொன்னேன். மூடியதும், "திரும்பவும் மடங்கிக்கிச்சு" என்றான். திறந்தான், விரிந்தது.

கண்ணாடியை வாங்கியவன் அவன், டேப் ஒட்டியவன் அவன், அதற்குள் தெரிவது வலக்கை என்று சத்தியம் செய்யக்கூடியவனும் அவன்தான். வெண்ணெய் உருண்டைக்கு எதிரே நின்று சிரித்த குடும்பத்துக்கும் இவனுக்கும் வித்தியாசம், இவன் சிரிக்கவில்லை, அழுதான்.

ஒரேயடியாக வலி போய்விட்டது என்று எழுதினால் நான் பத்திரிகைக்காரனாக அல்ல, லேகிய வியாபாரியாக ஆகிவிடுவேன். தினமும் கால் மணி நேரம் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்தபின் ராத்திரி வலி குறைந்தது. மழைக்காலத்தில் மறுபடி தலைகாட்டிற்று. அமெரிக்காவிலே வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் கால் இழந்த சிப்பாய்கள் 22 பேரை மூன்று பிரிவாக்கிச் செய்த சோதனை 2007-இல் வெளியாயிற்று. கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற பிரிவில் எல்லோருக்கும் வலி தணிந்தது, கண்ணாடியைத் துணியால் மூடிக்கொண்டு பயின்றவர்களுக்கும், கண்ணை மூடிக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கும் அப்படித் தணியவில்லை. ஆனால் அது சிறிய சோதனை. பின்னால் வந்த சோதனைகளில் முடிவுகள் இப்படியும் அப்படியுமாக இருக்கின்றன. மருந்து வேலை செய்கிறபோதே மருந்துக்குச் சொன்ன காரணம் ஆட்டம் காணுவதும் உண்டு. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

செங்கற்பட்டிலிருந்து நாலைந்து மைலில் திருமணி. அங்கே 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரால் ஏற்பட்ட தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டு, தொழுநோய் போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய நிலையமாக்கியது. கையில்லாமலே வலிக்கிற பையனுடைய கதைக்கு நேர் எதிரிடையான கதை, கையிருந்தும் வலிக்காதவர்களுடைய கதை, அங்கே இருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் பாதிரிமார் குடும்பத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு சிகிச்சை நிபுணராக வந்த பால் பிராண்ட், 1947-இல் அந்த மருத்துவமனையில் இருந்த டாக்டர் காக்ரேனுடைய அழைப்பின்பேரில் செங்கற்பட்டுக்கு வந்தார். விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னவர், அந்தப் பிடியின் வலி தாங்காமல் துடித்துப்போனார். செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கைக்குள் அத்தனை பலம். தான் பிடிப்பது எவ்வளவு அழுத்தம் என்று பிடித்தவனுக்குத்தான் தெரியவில்லை. இந்தியாவில் தொழுநோயாளிகளின் கைகளுக்குத் தசைநாண் மாற்றிச் செய்கிற ரண சிகிச்சை அந்தக் கைகுலுக்கலிலிருந்து பிறந்தது.

பிராண்ட் பிற்காலத்தில் செய்து தோற்ற ஒரு காரியம், அவர் ஜெயித்த காரியங்களைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் இருந்தபோது, உணர்ச்சியற்ற கைகளுக்குச் செயற்கை வலி உண்டாக்க விரும்பி, கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கிற கருவிகளைப் பதித்து, அளவு மீறினால் காதிலே சத்தம் எழுப்பச் செய்தார். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டார்கள், அதன் அர்த்தம் தெரிந்தும் பிடித்ததை விடவில்லை. மின்சார அதிர்ச்சி கொடுத்தார்; அவசர வேலை வந்தபோது சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டு மறுபடி போட்டுக்கொண்டார்கள். பல வருஷ முயற்சி கைவிடப்பட்டது. அந்தக் கருவி பேசியது நமக்குள் அறிகிறவனோடு. வலி பேசுவது இன்னொருவனோடு. அறிகிறவன் சொன்னால் அந்த இன்னொருவன் கேட்பதில்லை. எங்கள் தெருப் பையனுடைய கண்ணாடி அறிகிறவனைப் பொருட்படுத்தாமல் நேரே அந்த இன்னொருவனிடம் போய்ப் பேசிவிட்டது.

இன்னொரு விசேஷமும் உண்டு. 1956-இல் மரியான் சிம்மெல் என்ற பெண்மணி எழுதியபடி, தொழுநோயில் விரல்கள் வருஷக்கணக்கில் மெள்ள மெள்ளக் கரைந்துபோனவர்களுக்கு மாய விரல்கள் தோன்றுவதில்லை. அதே நோயாளிக்குக் கத்தியால் உறுப்பை நீக்கினால் தோன்றிவிடுகின்றன. இழப்பு மெதுவாக வந்தால் மூளை கணக்கைத் திருத்தி எழுதிக்கொள்ளுகிறதோ என்னவோ. பிரஸ் மெஷின் அதற்கு அவகாசம் கொடுப்பதில்லை.

இப்படி மூளையை ஏமாற்றுகிற சாமர்த்தியம் அட்டைப் பெட்டி விலைக்கு நம்மிடம் இருக்கிறது. அதைப் படிக்கிற சாமர்த்தியமோ? ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர், ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து உயிர் பிழைத்த அன்றைக்கே, எங்கேயோ இருந்த தமக்கை மனம் கலங்கித் தந்தி அடிக்கச் செய்ததிலே அதிசயப்பட்டு, எண்ணம் மண்டையைவிட்டு வெளியே பாய்கிறதா என்று தேடப் புறப்பட்டவர். எண்ணம் அகப்படவில்லை. 1924-இல் மனித மூளையின் மின் அலைகள் அகப்பட்டன. காக்காய் வலிப்புக்கும் தூக்கத்துக்கும் இன்றுவரை அதுவே துணை. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையம் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024-இல் உலகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது. அற்புதமான பூகோளப் படம். ஆனால் ஊரின் வரைபடத்தில் ஊரார் பேசுவது கேட்காது.

கேட்கும் என்று நம்பியதால் நேர்ந்த விபரீதமும் நம் நாட்டில் உண்டு. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல, நரம்பியல் நிலையத்தில் இருந்த முகுந்தன் என்பவர் அமைத்த ஒரு முறையில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு மின்முனைகள் பதித்த தொப்பியை மாட்டிக் கண்ணை மூடி உட்காரச் செய்து, குற்றத்தின் விவரங்களைத் தன்மையில் வாக்கியங்களாக்கி வாசிக்கிறார்கள். வெறுமனே கேள்விப்பட்டவன் மூளைக்கும் செய்து அநுபவித்தவன் மூளைக்கும் அலையில் வித்தியாசம் தெரியும் என்பது கொள்கை. வாயைத் திறந்து அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 2008 ஜூனில் புனே நகரத்து நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருத்திக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது இந்தச் சோதனையையும் ஆதாரங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. உலகத்து விஞ்ஞானிகள் திகைத்தார்கள். நிம்ஹான்ஸ் இயக்குநருடைய தலைமையில் அமைந்த நிபுணர் குழுவே இந்த முறை விஞ்ஞான ரீதியானதல்ல, கோர்ட்டில் கூடாது என்றது. 2010 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ என்ற வழக்கில் — நம் வீட்டுப் பெயர் ஒன்றின் பேரால் அந்தத் தீர்ப்பு வழங்குகிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் — உண்மை அறியும் ஊசி, பொய் அறியும் கருவி, மூளை வரைபடம் இவற்றில் எதையும் ஒருவருடைய சம்மதமின்றி அவர்மீது பிரயோகிக்கலாகாது என்று தீர்மானித்தது. தனக்கெதிராகத் தானே சாட்சியாகும்படி எவரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3)-ஆம் விதி, நாக்கை மட்டுமல்ல, மண்டையோட்டையும் காக்கிறது.

நீதிபதிகள் நியாயத்தை எண்ணிக் கேட்ட சம்மதத்தை, யந்திரமும் வேறொரு காரணத்துக்காகக் கேட்கிறது. 2023-இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தார், காந்த ஸ்கேன் குழாயில் படுத்து ஒருவர் கதை கேட்கும்போது அவர் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்த்துக் கதையின் சாரத்தை வேறு வார்த்தைகளில் சொல்லுகிற முறையை வெளியிட்டார்கள். பத்திரிகைகள் எல்லாம் மனத்தைப் படிக்கும் யந்திரம் வந்துவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டன. அந்த யந்திரத்தைப் பழக்க ஒவ்வொருவரும் 16 மணி நேரம் அதற்குள் அசையாமல் படுத்துக் கதை கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் மூளையில் பழகியது இன்னொருவர் மூளையில் செல்லவில்லை. படுத்திருந்தவர் மனத்துக்குள் எண்களை எண்ணத் தொடங்கினாலோ மிருகங்களின் பெயர்களை அடுக்கினாலோ யந்திரம் உளறத் தொடங்கியது. ஏமாற்றுவதற்கு நம் சம்மதம் தேவையில்லை. படிப்பதற்கு, இன்றைய நிலைமையில், தேவை. செல்போனுக்குள் இருக்கிற வியாபாரிகள் இதைப் புரிந்துகொண்டு மண்டைக்குள் நுழைகிற வீண் முயற்சியில் இறங்குவதேயில்லை. எந்தப் படத்தின்மேல் கட்டை விரல் எத்தனை விநாடி தயங்கிற்று என்று எண்ணினாலே அவர்களுக்குப் போதும். தயங்கியது விரலுக்குத் தெரியும், விரலுக்கு உடையவனுக்குத் தெரியாது.

சென்ற வாரம் இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது பையன் வந்தான். டெக்ஸாஸ் யந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். குழந்தையை வலது கையால் இடுப்பில் இடுக்கிக்கொண்டு கவனமாகக் கேட்டுவிட்டு, "அதுல என்னைப் படுக்க வெச்சா, என் கையை அது பாக்குமா ஐயா?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தமார் மாக்கின் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், கை இழந்தவர்களை ஸ்கேனில் படுக்கவைத்து, இல்லாத விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்து, 2013-இல் வெளியிட்டார்கள்: மூளையில் கையின் இடம் காலியாகவில்லை, அசைக்கச் சொன்னபோது அங்கே விளக்கு எரிகிறது, மாய வலி அதிகமுள்ளவர்களிடம் அந்த இடம் அதிகம் கலையாமலே இருக்கிறது. 2025-இல் வந்த ஆராய்ச்சி, கை எடுப்பதற்கு முன்பே படமெடுத்து வைத்துக்கொண்டு, எடுத்து வருஷங்கள் ஆன பிறகும் ஒப்பிட்டு, படம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று சொல்லுகிறது. அண்டை வீடான முகம் கையின் காலி மனையை ஆக்கிரமித்துக்கொள்கிறது என்ற ராமச்சந்திரனுடைய பழைய விளக்கம் இதனால் தள்ளாடுகிறது. கண்ணாடி ஏன் உதவுகிறது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டும்.

இவ்வளவையும் அவனிடம் விஸ்தரிக்கவில்லை. "பார்க்கும். நீ விரலை அசைத்தால், அசைகிறது என்று அதற்குத் தெரியும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். குழந்தை அவன் இடது முழங்கைக்குக் கீழே மடித்துக் குத்தியிருந்த சட்டைக் கையின் ஊக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்ப, நான் பொய் சொல்லலை" என்றான்.